நீல டீசட்டையே போதும்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

"இந்தத் தீபாவளிக்கு நாங்க வரலம்மா, குட்டியால முடியாது" என்று சொல்லிவிட்டு நேற்று போனை வைத்துவிட்டாய். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நடந்ததை நான் மறக்கவில்லை. வாசலில் வெடிச் சத்தம், ஹாலில் இருபது பேர், டிவி வேறு அலறியது. அத்தை கன்னத்தைக் கிள்ளியதும் ஆட்டிசம் உள்ள உன் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினான். "வளர்ப்பு சரியில்லை" என்று யாரோ சொன்னார்கள். உனக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அது என் தப்பு, கண்ணு.

அப்புறம் கிள்ளானில் உன் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய தெரபி வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும் என்று அந்த ஆசிரியை சொன்னார். நம் குட்டிக்கு வருவது அடம் இல்லை. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி, தாங்க முடியாமல் போவது. மிரட்டினாலும் கெஞ்சினாலும் நிற்காது. அமைதியான இடமும் கொஞ்ச நேரமும் கொடுத்தால் தானாக அடங்கும்.

அதைக் கேட்டதும் என் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில், தீபாவளி விடியற்காலை முதல் வெடி வெடித்ததும் பால்மரக் காட்டுக்குள் ஓடிவிடுவான். உன் தாத்தா தேடிப் பிடித்து இழுத்து வந்து அடிப்பார். அவனைக் கிறுக்கு என்றே கூப்பிட்டோம். ஏன்டா ஓடுகிறாய் என்று கடைசிவரை யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் பழைய அறையில் தடித்த திரை போட்டுவிட்டேன். அது குட்டிக்கு மட்டும்தான், விருந்தாளிகளின் பைகூட உள்ளே போகாது. வாசல், அறை, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். இப்போதிருந்தே தினமும் காட்டு, வந்து இறங்கும்போது புது இடமாகத் தெரியாது. எண்ணெய்க் குளியல் வேண்டாம், சீயக்காய் வாசனை அவனுக்கு ஆகாது. உச்சியில் ஒரு சொட்டு வைக்கவிட்டால் வைப்போம், விடாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. ஜிப்பா எதுவும் வாங்காதே. கழுத்தில் குத்தாத அந்த நீல டீசட்டையே போதும். எல்லாரும் கறிக்குழம்பு சாப்பிடட்டும், அவனுக்கு வெறும் சோறும் முட்டையும் தனியாக வைப்பேன்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரிதான் தெருவில் வெடி அதிகம். அந்த நேரத்தில் அப்பா அவனைக் காரில் கோலகங்சார் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார். காதை மூடும் ஹெட்போனை மறக்காமல் எடுத்து வா. விருந்தாளிகளைப் பகல் 11 மணியிலிருந்து 2 மணிவரைதான் வரச் சொல்லியிருக்கிறேன். அவனாகக் கையை நீட்டாதவரை யாரும் அவனைத் தொடக்கூடாது என்று அத்தையிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் சரி என்றார்.

சமூக நல இலாகா கொடுத்த ஓகேயூ என்கிற மாற்றுத்திறனாளி அட்டையை நீ பர்சுக்குள் ஒளித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசத்தையும் அவர்கள் கற்றல் பிரச்சினைப் பிரிவில்தான் சேர்க்கிறார்கள். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துப் பிள்ளையை மக்கு என்பார்களோ என்று பயப்படுகிறாய். இந்த முறை கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன், நீ அவன் பக்கத்தில் இரு.

ராத்திரி 10 மணிக்கு மேல் கிளம்பினால் அவன் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான். வழியில் தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கூட்டமாக இருந்தால் நிறுத்த வேண்டாம். நடுவில் முடியவில்லை என்றால் திரும்பிப் போய்விடுங்கள், பலகாரத்தோடு நாங்கள் அங்கே வருகிறோம்.

அவன் சாப்பிடும் அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பு. நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா