கயலுக்கு, டோவல் ஜிக்கைத் தொடும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். டோவல் என்பது இரண்டு பலகையைச் சேர்க்க உள்ளே அடிக்கும் உருண்டை மர முளை; அதற்குத் துளை போட வழிகாட்டும் கருவிதான் ஜிக். நீ வாங்கியது தானாக மையம் பிடிக்கும் வகை. நடுவில் ஒரு கட்டை, அதில் 6, 8, 10 மி.மீ. எஃகுக் குழல்கள், ஒரே திருகில் இரு பக்கமும் சேர்ந்து நெருங்கும் தாடைகள். மலிவாகக் கிடைத்தது என்பதற்காகச் சந்தேகப்படாதே, வேலைக்கு ஆகும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்: பலகையின் விளிம்பிலும் வெட்டுமுனையிலும்தான் அது துளைக்கு வழிகாட்டும். பலகையின் பரப்பில் நடுவே துளை போட அதைப் பிடிக்க இடமே இல்லை. உன் புத்தக அலமாரிக்கு இரண்டு வகைத் துளையும் வேண்டும். பரப்புத் துளைக்கு 8 மி.மீ. டோவல் சென்டர் நான்கு வாங்கிக்கொள். கூர்முனை வைத்த சின்ன உலோகக் குமிழ்கள், அவ்வளவுதான்.

முதலில் ஜிக்கைச் சோதித்துப் பார். ஒரு துண்டுப் பலகையின் விளிம்பில் ஒரு துளை போடு. ஜிக்கைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி, கொஞ்சம் தள்ளி இன்னொரு துளை போடு. பலகையின் ஒரே முகத்திலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார். 0.4 மி.மீ. வித்தியாசம் வந்தால், ஜிக் மையத்தைவிட்டு 0.2 மி.மீ. விலகியிருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு தாடையில் மார்க்கரால் புள்ளி வை. அந்தத் தாடை எப்போதும் பலகையின் முகப்புப் பக்கமே இருக்கட்டும். விலகல் எல்லாத் துளையிலும் ஒரே பக்கம் விழுந்தால் இரண்டு பலகையும் சேரும்போது மேடு பள்ளம் தெரியாது. ஒரு துளைக்கு இப்படியும் அடுத்ததற்கு அப்படியும் மாட்டினால்தான் வம்பு. ஆகவே பலகைகளை வெட்டியதுமே எது முகப்பு, எது மேல், எது இடது, எது வலது என்று எல்லாவற்றிலும் பென்சிலால் எழுதிவிடு. வெட்கப்படாமல் பெரிதாகவே எழுது.

பக்கப் பலகை இரண்டு, தட்டு மூன்று, எல்லாம் 18 மி.மீ. பிளைவுட், 250 மி.மீ. அகலம் என்று சொன்னாய். டோவல் பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் பாதிக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். 18-க்கு 8 மி.மீ. சரி. 10 போட்டால் பிளையின் அடுக்குகள் பிளக்கும். தட்டின் ஒவ்வொரு முனைக்கும் மூன்று: இரு ஓரத்திலிருந்தும் 40 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மொத்தம் 18 டோவல், 36 துளை. வரிவரியாகக் காடி போட்ட, 30 மி.மீ. நீள டோவலாக வாங்கு. காடி இல்லாத உருளையை அடித்து இறக்கினால் பசை அடியில் மாட்டிக்கொண்டு, போக வழியில்லாமல் பலகையையே பிளந்துவிடும்.

இந்த வேலை பெரும்பாலும் கெடுவது ஆழத்தில்தான். பக்கப் பலகையின் பரப்பில் 12 மி.மீ., தட்டின் வெட்டுமுனையில் 20. இரண்டும் சேர்ந்து 32, டோவல் 30. மிச்சம் 2 மி.மீ. பசைக்கு. இடம் விடாவிட்டால் டோவல் அடியில் முட்டிக்கொள்ளும், தட்டு பக்கப் பலகையோடு ஒட்டாமல் இடைவெளி நிற்கும். வெட்டுமுனைக்கு ஆழம் குறிக்கும்போது ஜிக்கின் உயரத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுவார்கள். துளை போடும் பிட்டைக் குழலுக்குள் விட்டு, கீழே 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, அங்கே ஸ்டாப் காலரை, அதாவது அதற்கு மேல் இறங்காமல் பிட்டில் மாட்டும் வளையத்தை, முடுக்கு. பரப்புத் துளைக்கு அது மாறும், அங்கே வெறும் பிட்டில் 12. பிட் நடுவில் கூர்முனை உள்ள மர பிட்டாக இருக்கட்டும், இரும்புக்கு உள்ள பிட் நார் போகிற போக்கில் ஓடும். அந்தக் கூர்முனை இன்னும் 2 மி.மீ. உள்ளே போகும் என்பதால்தான் 12-ஐத் தாண்டாதே என்கிறேன். காலரின் குட்டித் திருகு அதிர்வில் நழுவும். நாலு துளைக்கு ஒருமுறை அளந்து பார், காலருக்கு மேல் டேப் ஒரு சுற்று சுற்றிவிடு.

முதலில் தட்டுகளின் 18 துளைகளையும் ஜிக் வைத்து முடி. மெஷினை ஓடவிட்டபடியே குழலுக்குள் இறக்கு, பாதியில் ஒருமுறை வெளியே எடுத்துத் தூளை உதறு. இல்லாவிட்டால் பிட் சூடேறிக் கருகும்.

பிறகு பக்கப் பலகையை உள்பக்கம் மேலே தெரியப் படுக்க வை. தட்டு வர வேண்டிய கோட்டை ஒட்டி நேரான ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றை கிளாம்பால் இறுக்கு. தட்டின் துளைகளில் சென்டர்களைச் செருகி, தட்டை ரீப்பரில் அணைத்து நிமிர்த்து நிறுத்து. இரண்டின் முன் விளிம்பும் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கொட்டாப்புளியால் மேலே ஒரு அடி போடு. மூன்று புள்ளி விழும். அந்தப் புள்ளியில் பிட்டின் கூரை வைத்து, பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்துக்கொண்டே செங்குத்தாகத் துளை. எந்தத் தட்டு முனை எந்த இடத்துக்கு என்று உடனே எண் போடு. மூன்று தட்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பசை இல்லாமல் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். புது டோவலைப் போட்டால் பிடித்துக்கொண்டு வராது. ஆறேழு டோவலை உப்புத்தாளில் தேய்த்து இளைத்து, தட்டு தட்டாக மாற்றிப் பார்க்க என்றே வைத்துக்கொள். ஒரு துளை விலகியிருந்தால் அதை அகலப்படுத்தாதே, வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பித் தாங்காது. அந்தத் துளையில் பசையோடு ஒரு டோவலை அடித்து, ஒரு நாள் விட்டு, மட்டமாக அறுத்துவிட்டு, மறுபடி குறித்துத் துளை.

பசை ஃபெவிகால் போதும். டோவலில் மட்டும் தடவினால் உள்ளே போகும்போது வழிந்து வாயிலேயே நின்றுவிடும். தீக்குச்சியால் துளையின் சுவரில் தடவு, வெட்டுமுனையிலும் மெல்லியதாகப் பூசு. டோவல் ஈரம் பட்டதும் ஊத ஆரம்பிக்கும், அதனால் ஒரு பக்கப் பலகையில் ஒன்பதையும் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகாதே. கிளாம்பில் இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பார். சமமாக இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் போக்கில் கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்து இறுக்கினால் சதுரம் வந்துவிடும். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

மிச்ச டோவலை மூடி இறுகும் டப்பாவில் போட்டு வை. மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் ஊதிப்போய், அடுத்த வேலைக்கு 8 மி.மீ. துளையில் இறங்காது. அப்படி ஆகிவிட்டால் ஒரு பகல் நல்ல வெயிலில் வை.

அன்புடன்,
அப்பா