ஜாமீன் எளிதாகக் கிடைக்கிறதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றவியல் சட்டத் திருத்தங்களைப் பற்றி நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நடந்த விவாதங்களைத் தொகுத்துத் தாங்கள் சென்ற வாரம் எழுதிய தலையங்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். பெரும்பகுதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நடுவில், 'ஜாமீன் எளிதாகக் கிடைப்பதால்தான் சட்டத்தின் மீதிருந்த பயம் விட்டுப்போயிற்று' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தே தலை நரைத்துப்போன எனக்கு அந்த வரி நெஞ்சில் தைத்தது. ஜாமீன் எளிதாகக் கிடைக்கும் நீதிமன்றம் எது என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தால் பலருக்கும் உபகாரமாக இருந்திருக்கும்.

ஜாமீன் உத்தரவு கிடைப்பது வேறு, ஜெயில் கதவு திறப்பது வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. உத்தரவு வந்த பிறகுதான் குடும்பத்தாருக்கு உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. இரண்டு ஜாமீன்தார் வேண்டும். பல நேரங்களில் அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். அவர்கள் பெயரில் நிலம் இருக்க வேண்டும். அதற்குப் பட்டாவும், கரம் (நிலவரி) தீர்த்த ரசீதும், சொத்து மதிப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் வேண்டும். அவர் வேறு அலுவலாகப் போயிருந்தால் அன்றைய நாள் வீண். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்குப் பட்டா என்ற காகிதமே கிடையாது. பட்டா கொடுக்காத அரசாங்கமே, பட்டா உள்ளவனைக் கூட்டிக்கொண்டு வா, அப்போதுதான் உன் மகனை விடுவேன் என்கிறது. இதைத்தான் எளிது என்கிறீர்களா?

நான் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். வலை அறுந்ததை ஒட்டி நடந்த கைகலப்பில் ஒரு மீனவ இளைஞன் கைதானான். எங்கள் வக்கீல் மனுப் போட்டு, அதிகத் தாமதமில்லாமல் ஜாமீன் உத்தரவும் பெற்றுத் தந்தார். அம்மாவின் வீடு புறம்போக்கில் இருந்தது. கூடப் பிறந்த அண்ணன் களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்துப் பாறசாலையில் பெண் கட்டி, அங்கேயே ரப்பர் தோட்டம் வாங்கி வசதியாக இருந்தார். பிரமாணமும் (நிலப் பத்திரமும்) ரசீதுமாக முதல் ஆளாக வந்து நின்றார். வெளிமாநிலச் சொத்து என்று அவரை ஏற்கவில்லை. 1956-இல் தாய்த் தமிழகத்தோடு நாம் இணைந்தபோது பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமும் விளவங்கோடு இந்தப் பக்கமுமாக ஆயின. சொந்தபந்தங்கள் எல்லையைப் பார்த்துப் பிரிந்துகொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பையனை வெளியே கொண்டுவந்தவர், காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கும் ஒரு மனிதர். பையனின் பெயரைக்கூட வராந்தாவில் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். உடன்பிறந்தவனை நம்பாத சட்டம் அவரை நம்பியது.

வெளியூர்ச் சொத்து என்று ஜாமீன்தாரை மறுப்பது சட்டமே இல்லை என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் மோதிராம் வழக்கில் சொல்லிவிட்டது. ஓர் ஏழைக் கொத்தனாரிடம் ரூ.10,000-க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்நீதிமன்றம் மறுத்திருந்தது. அந்த மனிதரை ரூ.1,000-க்கான சொந்தப் பிணையிலேயே விடச் சொல்லித் தீர்ப்பெழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். 1957-இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் பார்த்தவர் என்பதால், சிறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தீர்ப்பு வந்து ஒரு தலைமுறைக்கும் மேலாகியும் அது களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டவில்லை.

ஜாமீனில் வந்தவன் பாடும் சுகமில்லை. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கையெழுத்துப் போட்டால் பிழைப்பு இல்லை. பிழைப்புக்குப் போனால் ஜாமீன் ரத்து. இதே நிபந்தனை வசதியுள்ளவருக்கு ஒரு காலை நடை. அதுவும் அவர் முன்ஜாமீன் வாங்காமல் இருந்தால்தான்.

இனி, தாங்கள் பாராட்டிய அந்த விவாதங்களுக்கு வருகிறேன். ஜாமீனுக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதைப் பரிசீலியுங்கள் என்று 2022-இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. மறு ஆண்டு டிசம்பரில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின; தனி ஜாமீன் சட்டம் வரவில்லை. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகவே விவாதம் மிகவும் அமைதியாக நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (அம்மூன்றில் ஒன்றான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் அவரை விட வேண்டும் என்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. நல்ல பிரிவுதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரு தகராறுக்கு ஒரே வழக்கோடு காவல் நிலையங்கள் நிறுத்திக்கொள்கின்றன என்று தங்கள் செய்தியாளர் யாராவது கண்டிருந்தால் எனக்கும் சொல்லட்டும்.

நம் சட்டமன்றமும் சளைத்ததல்ல. கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், 2024 ஜூன் மாதமே ஆயுள் தண்டனை வரை கூட்டி மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தினார்கள். அக்குற்றங்களைச் செய்தவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. தண்டனையை உயர்த்துவதற்கு ஒரு நாள் போதும். வாய்தா வாய்தாவாக இழுக்கும் வழக்கை முடிப்பதற்கு நீதிபதியும் எழுத்தரும் கட்டடமும் வேண்டும், அதற்கு மேசையைத் தட்டுவார் யாருமில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், அதாவது 4,34,000-க்கும் அதிகமானோர். ஜாமீன் எளிதென்றால் இவர்களெல்லாம் விருந்துக்காகவா உள்ளே தங்கியிருக்கிறார்கள்?

தங்கள் நாளிதழின் மீதும் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. மேலே சொன்ன பையன் கைதானபோது ஊர்ப் பெயரும் தகப்பன் பெயருமாகப் படத்தோடு மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. பிற்பாடு அவன் விடுதலையானான். தீர்ப்பு நகலை நானே தங்கள் நிருபர் கையில் கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. இடமில்லை என்றார்கள். கோபமில்லை, இடநெருக்கடி எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஆகவே அதிகம் இடம் கேட்கவில்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் 7 நாட்களுக்குள் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தார் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு (தொடக்கத்தில் ரூ.40,000 வரை) உதவும் மத்திய அரசுத் திட்டமும் அதே ஆண்டு வந்தது. இவை இருப்பது இம்மாவட்டத்துக் கடற்கரையில் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? மாவட்டப் பக்கத்தில் மின்தடை அறிவிப்பு போடும் அந்தச் சிறு கட்டத்தின் அளவில், இவ்விரண்டு செய்திகளையும் இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் மாதம் ஒருமுறையாவது வெளியிட வேண்டுகிறேன். தலையங்கத்து வரியைத் திருத்துவதும் திருத்தாததும் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)