குளியலறைத் தரைக்கு அடியில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது பின்னால் ஏதோ அறுக்கிற சத்தம் கேட்கிறதே என்றீர்கள். குளியலறையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். வீடு கட்டும்போது கொத்தனாரோடு கூடவே நின்றவர் நீங்கள். விவரமாக எழுதினால்தான் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை. கழிவுநீர்க் குழாயை நம் வீட்டைப் போல வெளிச்சுவரில் இறக்க முடியாது, குளிரில் உறைந்துவிடும். அதனால் எல்லாம் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும்தான் ஓடுகிறது. கசிந்தால் உடனே தெரியாது. கீழ் அறையின் கூரையில் பழுப்பாகக் கறை படர்ந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது.

தரைப் பலகையைப் பெயர்த்ததும், பிளம்பர் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஒரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றரை அங்குலக் குழாய். உள்ளே துருவும் சோப்பும் தலைமுடியும் சேர்ந்து இறுகி, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினேன், பொடிந்து உதிர்ந்தது. தண்ணீர் எப்போதும் அடியை ஒட்டியே ஓடுவதால் அங்கேதான் முதலில் அரிக்குமாம். மருந்து ஊற்றி அடைப்பெடுத்தீர்களா என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். அது குழாயில் தேங்கி நின்றால் திறக்கிறவர் கையைச் சுட்டுவிடுமே!

கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றினால் போதாதா என்றார் உங்கள் மாப்பிள்ளை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தரையைத் திறந்தாயிற்று, செங்குத்தாக இறங்கும் வார்ப்பிரும்புக் குழாய் வரைக்கும் மாற்றிவிடுவதுதான் சரி. துருப்பிடித்த குழாயோடு புதுக் குழாயைச் சேர்த்தால் அடுத்து அந்த இணைப்புதான் விட்டுக்கொடுக்கும். நல்லவேளை, வார்ப்பிரும்பு இன்னும் உறுதியாக இருக்கிறது. அதை வெட்டுவதற்கு முன்னால் மேலே இருக்கும் பாரம் சரிந்துவிடாமல் கிளாம்ப் போட்டுத் தாங்கினார்கள். வெட்டிய இடத்தில் பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயை நுழைத்து, ரப்பர் உறையும் எஃகுப் பட்டையும் போட்டு இறுக்கினார்கள்.

நான் அதிகம் கவனித்தது வாட்டத்தைத்தான். நீங்கள் நூல் பிடித்துப் பார்ப்பீர்களே, அதே அக்கறை இங்கேயும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு. வாட்டம் குறைந்தால் அழுக்கு தங்கிவிடும். டிராப்பில், அதாவது வடிகாலுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில், குறைந்தது இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் சாக்கடை நாற்றத்தை மறிக்கிறது. அருகில் கழிவுக் குழாய்க்குள் காற்றை விடும் காற்றுக்குழாய் இல்லையென்றால், குளியல் தொட்டித் தண்ணீர் வேகமாக வடியும்போது டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் அந்தக் காற்றுக்குழாயே இல்லை! அவ்வப்போது வந்த நாற்றத்துக்கு இதுதான் காரணம். இப்போது கூரைக்கு மேல்வரை போகும் குழாயோடு சேர்த்துவிட்டோம்.

இன்னொன்று, அப்பா. அந்தக் காலத்தில் யாரோ குழாய் போவதற்காக உத்தரத்தின் அடிப்பக்கத்தைப் பாதிக்குமேல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் தண்ணீர் நிரம்பிய தொட்டியை அதுதான் தாங்கியிருக்கிறது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பக்கத்திலேயே புது மரம் வைத்து போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் வேலையைத் தொடர விட்டேன். இப்போது குழாய் போகும் துளை உத்தரத்தின் நடுப்பாகத்தில், ஓரங்களைத் தொடாமல் போகிறது.

தரையை மூடுவதற்கு முன் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாக வேண்டும். குழாயின் முனையை அடைத்து, மேலிருந்து தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். அவர் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறைந்துபோகிற வேலையை மறைவதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. டைல்ஸ் வேலை அடுத்த வாரம்.

நம் வீட்டுக் குளியலறைக்குப் பின்புறச் சுவரில் ஈரம் ஊறுவதாகச் சொன்னீர்களே, அது சுண்ணாம்பு அடித்தால் போகாது. அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். மழை தொடங்குவதற்குள் பிளம்பரைக் கூப்பிட்டு டிராப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பணம் நான் அனுப்புகிறேன். நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம், தம்பியை ஏறச் சொல்லுங்கள். பிளம்பர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்