சனிக்கிழமை கணினி வகுப்பில் புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கம்,
தமிழ்ப்பள்ளி, பிறை வட்டாரம், பினாங்கு.

பெறுநர்:
மாநிலக் கல்வி இயக்குநர்,
பினாங்கு மாநிலக் கல்வி இலாகா.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் நிரலாக்க (கணினிக்குக் கட்டளைகள் எழுதும்) வகுப்பை, முன்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்றும் முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்றுமாக இரு பிரிவுகளாக நடத்தத் தங்கள் அனுமதியையும், கூடுதலாகத் தேவைப்படும் ஒரு பயிற்றுநருக்கான படித்தொகையையும் கோரி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

கடந்த தவணையில் 24 மாணவர்களுக்கு 12 கணினிகள் இருந்தன. வீட்டில் மடிக்கணினி வைத்திருக்கும் நான்கைந்து பையன்கள், ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்னரே விடை சொன்னார்கள். விசைப்பலகையும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள் பக்கத்தில் அமர்ந்து, திரையில் ஓடிய கட்டளைகளைப் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று வாரம் கழித்து, "அவங்களுக்கு எல்லாமே தெரியுதும்மா, நான் போகல" என்றாள். தொடக்கத்தில் 11 மாணவிகள் இருந்த வகுப்பில் தவணை முடிவில் மூவரே எஞ்சினர். அந்தப் பையன்களை நாங்கள் குறை சொல்லவில்லை, ஆர்வமுள்ள பிள்ளைகள்தாம்.

இதே சிக்கலைக் கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி சந்தித்திருக்கிறது. கணினி அறிவியல் பேராசிரியரான மரியா கிளாவே 2006இல் அக்கல்லூரியின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அங்கே கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. துறைப் பேராசிரியர்கள் அறிமுகப் பாடத்தை மாணவரின் முன்பழக்கத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். ஜாவா என்ற நிரல்மொழியை விட்டு, தொடங்குபவர்களுக்கு எளிதான பைத்தான் என்ற மொழிக்கு மாறினார்கள். தன் அறிவைக் காட்டிப் பிறரை வாயடைக்கச் செய்யும் மாணவரைத் தனியே அழைத்து, அந்த உரையாடலை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று இதமாகச் சொன்னார்கள். முதலாண்டு மாணவிகளைக் கணினித்துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கும் அழைத்துச் சென்றார்கள். கிளாவே இம்முயற்சிகளுக்குப் பின்பலமாக நின்றார். சில ஆண்டுகளில் அந்த 10 விழுக்காடு 40ஐ எட்டியது. இவற்றுள் எங்களைப் போன்ற சிறிய பள்ளியின் கைக்கெட்டுவது வகுப்பைப் பிரிப்பதே.

நம் மலேசியப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் கணினி படிப்பது புதுமையன்று. ஆயினும் எங்கள் மாணவிகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும், பெரும்பாலும் வகுப்பிலுள்ள ஓரிரு தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தியாகத்தான் அமர்கிறார்கள். 2017இல் படிவம் 1க்கு அறிமுகமான அடிப்படைக் கணினி அறிவியலை அங்கே சந்திக்கும்போது, "எனக்கு இது வராது" என்ற எண்ணத்தை இங்கிருந்தே சுமந்து போகக் கூடாது என்பதே எங்கள் கவலை. என் தாயார் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து மின்னணுச் சில்லுகளைச் சோதித்தவர். அந்தச் சில்லு எதற்குப் போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

புதிய பிரிவு காலை 8.30 முதல் 10 வரையும், பழைய பிரிவு அதன் பின்னரும் அதே கணினி அறையில் நடக்கலாம். பயிற்றுநர் தமிழ் அறிந்த பல்கலைக்கழக மாணவியாக இருந்தால் பெரிதும் உதவும். மேற்பார்வைக்கு இரு பெற்றோர் வாரந்தோறும் இருப்பர். முடிவெடுக்கும் முன் இலாகா அதிகாரி ஒருவர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து, விசைப்பலகை யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்வையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்,
பெற்றோர் ஆசிரியர் சங்கம்