சிறை மீண்டவர்களுக்கும் புத்தகத் திருவிழா மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறைத்துறை அரங்கு அமைத்து, சிறை நூலகங்களுக்காக வாசகர்களிடம் நூல்களைக் கொடையாகப் பெற்றதை நான் பெரிதும் மதிக்கிறேன். என் பங்குக்கு ஒரு பை நிறையக் கொடுத்தும் இருக்கிறேன். அந்த நூல்களை உள்ளே படித்து, தாமும் எழுதத் தொடங்கி, தண்டனை முடிந்து வெளியே வருகிற ஒருவருக்கு அதே திருவிழாவின் மாலை மேடையில் இடம் உண்டா என்று கேட்கவே இக்கடிதம்.

சிறையில் எழுதியவர்களைப் போற்றுவது நமக்குப் புதிதல்ல. வ.உ.சி. சிறையிலிருந்தபடியே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை மொழிபெயர்த்தார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது குறைக்கப்பட்ட தோழர் தியாகு, மார்க்சின் ‘மூலதன’த்தைச் சிறைக்குள்ளேயே தமிழாக்கினார். இவர்கள் அரசியல் கைதிகள். அப்படியிருந்தும் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைவாசலில் வ.உ.சி.யை வரவேற்கக் காத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருக்கே அந்த நிலை என்றால், திருட்டு வழக்கிலோ அடிதடி வழக்கிலோ உள்ளே போய் வந்தவர் கையில் கவிதையோடு நின்றால் யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்?

வங்காள எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரி இங்கே நினைவுகூரத் தக்கவர். அகதிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடமே அறியாமல் வளர்ந்த அவர், இருபது வயதைக் கடந்தபின் சிறையில்தான் எழுத்தறிந்தார். வெளியே வந்து ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், தம் வண்டியில் ஏறிய பெண்மணி ஒருவரிடம் ‘ஜிஜீவிஷா’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். ‘வாழும் வேட்கை’ என்று விடை சொன்ன அப்பெண்மணி புகழ்பெற்ற வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி; தாம் நடத்திவந்த ‘பர்த்திகா’ இதழுக்கு எழுதும்படி அவரையே கேட்டுக்கொண்டார். பின்னாளில் பியாபாரியின் தன்வரலாற்றுடைய ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, நம் சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழின் 2018ஆம் ஆண்டுப் பரிசு கிடைத்தது. 2021இல் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வளவுக்கும் தொடக்கம், ‘எழுதித் தாருங்கள்’ என்று ஒருவர் கேட்டதுதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் நான் சிறைவாசிகளுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். அவர்களுள் ஒருவர், ‘மனு பார்க்க’, அதாவது சிறையில் தம்மைச் சந்திக்க, வந்த தம் தாயைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். கம்பிவலைக்கு இருபுறமும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் இரைச்சலில் தாயின் குரல் கேட்காமல், உதட்டசைவை மட்டும் பார்த்து, ‘சாப்பிட்டியா’ என்றுதான் கேட்டிருப்பாள் என்று தாமே முடிவு செய்துகொண்டதாக அது முடியும். விடுதலையான பின் ஓர் ஊரின் இலக்கிய அமைப்பில் அதை வாசிக்க அவருக்கு இடம் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தவர் என்பது தெரிந்ததும் அழைப்பிதழிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் எழுதவும் இல்லை. அந்த அமைப்பினரோடு அன்றே நான் வாதாடியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

2022 முதல் எல்லா மாவட்டங்களிலும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. எங்கள் நெல்லையில் நடக்கும் பொருநைப் புத்தகத் திருவிழா உட்பட ஒவ்வொன்றிலும், சிறை மீண்ட எழுத்தாளர்களுக்கு ஒரு மாலைப் பொழுதையாவது ஒதுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைப் படித்துப் பார்த்தே அவர்களைத் தேர்வு செய்ய வேண்டும். மற்றப் பேச்சாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தர வேண்டும். வழக்கு என்ன, எத்தனை ஆண்டு என்பதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் விருப்பம். அறிமுகம் செய்பவர் அதை மேடையில் அறிவிக்கக் கூடாது. முகத்தைக் காட்டத் தயங்குகிறவரின் படைப்பை வேறொருவர் வாசிக்கலாம். சிறை நூலகங்களுக்கு நூல் சேர்க்க ஏற்கெனவே அரங்கு அமைத்த துறைக்கு, விடுதலையாகிச் செல்வோரில் எழுதுகிறவர்கள் யார் என்பதைக் கேட்டறிந்து, அவர்களுடைய ஒப்புதலோடு விழாக் குழுவுக்குத் தெரிவிப்பது அரிதான வேலையாக இருக்காது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.