வாய் திறக்காத பயாஸ்

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிற ஆள் இல்லை நீ. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒரு சர்வர்.

இரண்டு பிராசசர், நான்கு என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலாத, அதிவேகச் சேமிப்பகம்). எல்லாம் புதிது, வேகம் மட்டும் பழையது. இரண்டு இரவுகள் எஸ்எஸ்டியைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் இரவுதான் அது எந்த பிராசசரின் பக்கம் செருகப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. லினக்ஸில் அதற்கென்றே ஒரு குட்டிக் கோப்பு உண்டு. 0 (முதல் பிராசசர்) அல்லது 1 (இரண்டாவது) இருக்க வேண்டிய இடத்தில் -1 இருந்தது. 'தெரியாது' என்று பொருள். ஒற்றை பிராசசர் கணினியில் அது சகஜம், இங்கே ஆகாது. கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் இதை லினக்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும், வாய் திறக்கவில்லை.

எஸ்எஸ்டியை இயக்கும் டிரைவர் மென்பொருள் பாவம், தனக்கு வேண்டிய நினைவகத்தை முதல் நோடில், அதாவது முதல் பிராசசரும் அதன் சொந்த நினைவகமும் இருக்கும் பக்கத்தில், வாங்கிக்கொண்டது. எஸ்எஸ்டியோ இரண்டாவது பிராசசரின் பிசிஐ தடத்தில். 64 பைட் கட்டளையை எடுக்கவும் 16 பைட் பதிலைக் கொண்டுபோய் வைக்கவும் ஒவ்வொரு முறையும் இரண்டு பிராசசர்களையும் இணைக்கும் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். சமையல் ஒரு தெருவில், பந்தி அடுத்த தெருவில்! ஒரு நடைக்கு ஆவது சில நூறு நானோநொடிதான். நொடிக்கு லட்சக்கணக்கான நடை என்றால்?

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது சுழலும் வட்டின் முனை நகரவே சில மில்லிநொடி ஆகும்; நினைவகம் எந்தப் பக்கம் என்று யார் கவலைப்பட்டார்கள்? 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான் சிப் நினைவகக் கட்டுப்பாட்டை பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தபோது நீ ஒரு மாதம் அதையே பேசினாய். நான் பாதியில் தூங்கிவிட்டேன். இப்போது அனுபவிக்கிறேன்.

பயாஸைப் புதுப்பித்ததும் 1 என்று காட்டியது. அதிலேயே பாதி சரியாகிவிட்டது. தரவுத்தளத்தையும் நூமா கண்ட்ரோல் (numactl) என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு இரண்டாவது நோடுக்கு மாற்றிய பிறகுதான் மீதியும் தீர்ந்தது. எங்கள் குழுவில் ஒரு பையன் நினைவகத்தையும் அந்த நோடிலேயே கட்டிப்போடலாம் என்று பிடிவாதம் பிடித்தான். அந்தப் பக்கம் நிறைந்துவிட்டால் மறுபக்கம் காலியாக இருந்தாலும் கடன் வாங்க முடியாமல் தரவுத்தளம் செத்துப்போகும். முதலில் அங்கே கேள், இல்லாவிட்டால் இங்கே வாங்கிக்கொள் என்று விட்டிருக்கிறேன். அவனுக்கு இன்னும் மனத்தாங்கல்.

உன் கிடங்கில் ஒரு பழைய இரட்டை பிராசசர் பெட்டி கிடக்குமே, அதில் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்து எழுது. அது மாடியில் இருந்தால் வேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்