தீக்காயத்தில் பற்பசை பூசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன மாதம் என் மகளின் முன்கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அக்கறையோடு ஒருவர் பற்பசையுடன் வந்து நின்றார். தயவுசெய்து யாரும் அதைப் பூசாதீர்கள். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் வெந்த தோலைக் குளிர்விக்காது. பிறகு அதைத் துடைத்தெடுக்கும்போது குழந்தை படும் வேதனைதான் மிச்சம். ஐஸ் கட்டியும் தோலை மேலும் கெடுக்கும்.

குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் 2 நிமிடம் போதாது. வீக்கம் வருமுன் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

வலியை வைத்துக் காயத்தை எடைபோடுவதுதான் பெரிய ஆபத்து. மேல்தோல் மட்டும் சிவந்தால் நன்றாக எரியும், சில நாட்களில் ஆறிவிடும். முழு ஆழமும் வெந்தால் நரம்பு முனைகளும் அழிந்து, அந்த இடம் வெளுத்தோ கருகியோ மரத்துக் கிடக்கும். வலிக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும். முகம், கை, மூட்டில் பட்டாலும், மின்சாரம், ரசாயனத்தால் சுட்டாலும் உடனே மருத்துவமனைதான்.

என் மகளின் கையில் இப்போது இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்